எட்டெட்டாய் ஓர் ஏணி

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது நம் நாட்டு மரபு. ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. ஞாயிறு படும் பக்கம் மற்றொன்று. தான்தோன்றீஸ்வரர் கோயிலாலும் அதன் தேரோட்டத்தாலும் பெயர்பெற்ற கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சேர்ந்த ஊராகும். ஆயினும் அவ்வூர் வயல்வரம்பிலே ஒரு மாலைப் பொழுதில் நின்று பார்ப்பவருக்கு ஞாயிறு அங்கே படுவதாகத் தோன்றாது. இன்னும் மேற்கே, காட்டுக்கும் அப்பாலே படுவதாகத் தோன்றும். அக்காட்டுக்குள் சென்று நின்றாலோ அதற்கும் அப்பால். படுவான்கரை என்பது எழுவான்கரையில் நின்ற ஒருவன் இட்ட பெயர் என்பதை நாம் பல காலம் எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில் ஒரு சனிக்கிழமை அவ்வூருக்குச் சென்றபோதுதான் அது மனத்திற் பட்டது.

அங்குள்ள மாணவர் சிலர் அண்டமும் அணுவும் பற்றிப் பேச வருமாறு எம்மை அழைத்திருந்தனர். மண்முனைப் பாலத்தின் வழியாகத் துவிச்சக்கர வண்டியிற் சென்றோம். 2014ஆம் ஆண்டில் யப்பானிய உதவியோடு திறக்கப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 210 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன் மண்முனைத் துறையிலே படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். உரத்துக் கூப்பிட்டால் மறுகரையிற் கேட்கும் தூரமே அது. போர்க்காலத்தில் அந்தச் சிறிய நீர்ப்பரப்பு ஒரு சமுத்திரத்தின் அகலமுடையதாக இருந்ததை எம் வயதினர் மறந்திருக்க மாட்டார். தூரம் என்பது மீற்றர்க்கோலால் மட்டும் அளக்கப்படுவதன்று போலும். ஆனால் இன்று நாம் எழுத வந்தது மீற்றர்க்கோலால் அளக்கப்படும் தூரத்தைப் பற்றியே.

கூட்டம் தொடங்குமுன் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். கையில் நான்கு பக்கக் கட்டுரை. அடுத்த கிழமை பேச்சுப் போட்டியில் அதை ஒப்புவிக்கப் போவதாகவும், முதலில் நாம் அதைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னான். பேச்சின் உச்சி இதுதான்: நுணுக்குக்காட்டியும் மின்சாரமும் தோன்றாத காலத்திலேயே தமிழர் அணுவை அளந்துவிட்டனர். சான்றாக, கணக்கதிகாரம் முதலிய பழைய கணக்கு நூல்களின் வழிவந்த நீட்டலளவை வாய்பாட்டை அவன் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். எட்டு அணு கொண்டது ஒரு கதிரெழுதுகள். எட்டுக் கதிரெழுதுகள் ஒரு பஞ்சிற்றுகள். எட்டுப் பஞ்சிற்றுகள் ஒரு மயிர்முனை. எட்டு மயிர்முனை ஒரு நுண்மணல். எட்டு நுண்மணல் ஒரு சிறுகடுகு. எட்டுச் சிறுகடுகு ஓர் எள். எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். அதன் பின்னர் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம்.

“எட்டை எட்டுத் தரம் பெருக்கினால் 1,67,77,216 வருகுது, சேர். விரலை அதால பிரிச்சுப் பார்த்தன்” என்றான்.

நாமும் பிரித்துப் பார்த்தோம். விரலகலத்தை 1.9 சதமமீற்றர் என்று கொண்டால், அந்த வாய்பாட்டின் அணு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகிறது. இன்றைய விஞ்ஞானம் அளந்த ஐதரசன் அணுவின் குறுக்களவு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு. பத்து மடங்கு வேறுபாடு. எட்டெட்டாய் ஏறும் ஏணியில் அது ஏறத்தாழ ஒரே ஒரு படி! பையனின் கண்கள் ஒளிர்ந்தன. உண்மையைச் சொன்னால் எம் உள்ளமும் ஒரு கணம் துள்ளியது. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒருங்கே மகிழக்கூடிய விடை எளிதிற் கிடைப்பதன்று.

ஆனால் ஒரு விடை நமக்கு இனிக்கும்போதே அதனைச் சோதிக்க வேண்டும் என்பது ஆய்வுகூடத்திற் கற்ற பழக்கம். கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய கமக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு பிடி நெல்லும், பக்கத்துக் கடையிலிருந்து எள்ளும் கடுகும் வந்தன. முதலில் எட்டு நெல்லைப் பக்கம் பக்கமாக மேசைமேல் அடுக்கினான் பையன். ஒரு விரலகலம் சற்றொப்பச் சரியாகவே வந்தது. கைதட்டல் எழுந்தது. அடுத்து, ஒரு நெல்லின் அகலத்துக்குள் எட்டு எள் அடங்க வேண்டும். ஓர் எள் கிடந்தது, இரண்டாவதற்கு இடமில்லை. நெல்லின் நீளத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்தான். நான்கைந்துக்கு மேல் அடங்கவில்லை. ஓர் எள்ளுக்குள் எட்டுக் கடுகு என்பதைச் சோதிக்கவே தேவையிருக்கவில்லை. கடுகு ஏறத்தாழ எள்ளின் அகலமே இருந்தது. மயிர்முனையின் கதை இன்னும் மோசம். வாய்பாட்டின்படி அது விரலின் 32,768இல் ஒரு பங்கு ஆக வேண்டும். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்போ விரலின் சில நூறில் ஒரு பங்கு. முனை என்றதனால் சற்றே சலுகை கொடுத்தாலும் நூறு மடங்குச் சலுகை கொடுக்க இயலாது.

ஆகவே விரலிலிருந்து நெல்லுக்கு இறங்கும் முதற் படி மட்டுமே அளந்து கண்ட படி. ஏனையவை சிறியது, அதனினும் சிறியது, அதனினும் சிறியது என்று உள்ளத்தால் இறங்கிய படிகள். எட்டு என்னும் எண் வசதிக்காக வந்தது. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்திலும் இவ்வாறே எட்டெட்டாய் ஏறும் அளவை ஒன்று காணப்படுகிறது. எட்டுப் பரமாணு சேர்ந்தால் தேர்ச்சக்கரம் கிளப்பும் ஒரு துகள். பின்னர் ஈர், பேன், வாற்கோதுமை என ஏறி விரலில் முடிகிறது. அங்கே விரலுக்கும் பரமாணுவுக்கும் இடையில் ஐந்து படிகளே உள்ளன. நமது வாய்பாட்டிலோ எட்டு. இரு மரபினரும் அணுவை உண்மையிலேயே அளந்திருந்தால் இருவர் விடையும் 512 மடங்கு வேறுபடுமா? நமது ஏணி உண்மை அணுவுக்கு அருகே சென்று நின்றது தற்செயல்.

பையன் பேசாமல் எள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளுக்குள் இட்டான். அவன் முகத்தைப் பார்க்க எமக்கே வருத்தமாயிற்று. போட்டிக்கு ஏழு நாளே இருந்தது. நடுவர்கள் எவரும் எள்ளை அடுக்கிப் பார்க்கப் போவதில்லை. உச்சி வாக்கியத்துக்குக் கைதட்டல் உறுதி. “அப்ப இதைச் சொல்லக் கூடாதா, சேர்?” என்று கேட்டான். சொல்வதும் விடுவதும் உன் பொறுப்பு என்று விடையிறுத்தோம். கடுமையான விடைதான். ஆனால் வேறென்ன சொல்வது?

ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னோம். காரைதீவிலே 1892இல் பிறந்து, இதே வாவியின் மறுகரையில், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலானந்தர் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமாவார். 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். பழந்தமிழரின் யாழ் பெருமையுடையது என்று வாயாரச் சொல்லிவிட்டு அவர் அமர்ந்திருக்கலாம். எவரும் மறுத்திருக்க மாட்டார். அவரோ பல்லாண்டு உழைத்து, சுரங்களின் இடைவெளிகளை எண்ணால் கணித்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். பழமையை அளந்து காட்டியவர் அவர். அளக்காமல் புகழ்ந்தவர் அல்லர்.

பின்வரிசை முதியவர் அப்போது வாய் திறந்தார். “அந்தக் கணக்கு பிழையெண்டா போகட்டும், தம்பி. சரியான கணக்கை நீங்க போடுங்களன்.”

நல்ல யோசனை. ஏணியின் பெயர்கள் பிழையாயினும் ஏணி நல்ல ஏணி. விரலில் நின்றுகொண்டு எட்டெட்டாக மேலே ஏறுவோம். எட்டெட்டாகக் கீழே இறங்குவோம். ஒவ்வொரு படியிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கரும்பலகையின் நடுவே ‘விரல்’ என்று எழுதித் தொடங்கினோம்.

முதலில் மேலே. 2ஆம் படி ஒரு மீற்றருக்குச் சற்று மேல். ஒரு சிறுவனின் உயரம். 4ஆம் படி 78 மீற்றர். 6ஆம் படி 5 கிலோமீற்றர். 7ஆம் படி 40 கிலோமீற்றர். 56 கிலோமீற்றர் நீளமுள்ள நமது வாவி இப்படியைச் சற்றே தாண்டி முடிகிறது. 8ஆம் படி 319 கிலோமீற்றர். இலங்கைத் தீவின் நீளம் இதனிலும் சற்றுக் கூட. 10ஆம் படிக்கு வருமுன்னரே முழுப் பூமியும் அடங்கிவிடுகிறது. சந்திரன் இருக்கும் தூரம் 11ஆம் படிக்கும் 12ஆம் படிக்கும் நடுவில். 1969இல் மனிதர் சென்று கால் பதித்தது அங்கே. அதற்கு மேல் எவரும் இன்னும் ஏறவில்லை. 12ஆம் படி ஞாயிற்றின் குறுக்களவு. பூமி ஞாயிற்றைச் சுற்றிவரும் தூரம் 14ஆம் படிக்குச் சற்று மேல். கடைசிக் கோளாகிய நெப்தியூனின் பாதை 16ஆம் படியில் முடிந்துவிடுகிறது. 1977இல் ஏவப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வொயேஜர்-1 என்னும் விண்கலமே மனிதர் செய்த பொருள்களுள் மிகத் தொலைவு சென்றது. அதுவும் 17ஆம் படியை இன்னும் எட்டவில்லை.

அதன் பின்னர் வெறுமை. அடுத்த உடுவைக் காண 20ஆம் படிக்கு மேல் ஏற வேண்டும். அதன் தூரம் 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே அங்கிருந்து வந்து சேர நான்கு ஆண்டுக்கு மேலாகும். இந்த வெறுமையை எண்ணால் உணர்வது கடினம். ஆகவே தாளிலிருந்து ஓர் எள்ளை எடுத்து மேசைமேல் வைத்தோம். 3 மில்லிமீற்றர் நீளமான இந்த எள்ளே ஞாயிறு என்று கொள்க. அப்படியானால் அடுத்த உடு எங்கே? மற்றோர் எள்ளாகப் பொலன்னறுவையிலே கிடக்கும். இடையே இருப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இவ்வாறு எள்ளெள்ளாய்ச் சிதறிக் கிடக்கும் பத்தாயிரங் கோடிக்கும் மேற்பட்ட உடுக்களின் கூட்டமே நமது பால்வீதி. அது 25ஆம் படியைச் சற்றே தாண்டுகிறது; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்ல ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டு. நூறாண்டுகளுக்கு முன்வரை வானியலாருட் பலர் ஏணி இங்கே முடிந்துவிட்டதாகவே கருதினர். அந்திரொமெடா என்னும் மங்கலான ஒளித்திட்டு நம் பால்வீதிக்கு உள்ளே இருக்கும் முகிற்கூட்டமா, வெளியே இருக்கும் தனி உலகமா என்பது பெரும் வழக்காயிருந்தது. 1923இல் எட்வின் ஹபிள் அதற்குள் ஒளி மாறும் உடு ஒன்றைக் கண்டு, அதன் துடிப்பைக் கொண்டு தூரத்தைக் கணித்து வழக்கை முடித்துவைத்தார். இன்றைய அளவு 25 இலட்சம் ஒளியாண்டு. 27ஆம் படிக்குச் சற்றுக் கீழ். நிலவில்லாத தெளிந்த இரவில் வெறுங்கண்ணாலே காணத்தக்கது அது. நம் பகுதியில் அது மாலையிலேயே உயர்ந்து நிற்கும் மாதங்கள் மாரிமழை மாதங்களாய் அமைந்தது நமது கெடுகாலம்! மழைக்கு முந்திய மாதங்களில் நள்ளிரவு கடந்து விழித்திருப்போருக்கு அது கிட்டும். அவ்வொளி புறப்பட்டபோது பூமியில் நம்மைப் போன்ற மனிதர் தோன்றியிருக்கவில்லை.

இங்கே ஒரு விந்தை உண்டு. உடுக்கள் தம் பருமனைப் போல மூன்று கோடி மடங்கு தூரம் விலகி நிற்கின்றன. பால்வீதிகளோ அப்படியல்ல, நமக்கும் அந்திரொமெடாவுக்கும் இடைவெளி நம் பால்வீதியின் அகலத்தைப் போல 25 மடங்கே. ஆகவே பால்வீதிகள் ஒன்றோடொன்று மோதுவது வானத்தில் அருமையன்று; ஆனால் அவை மோதும்போது உள்ளேயுள்ள உடுக்கள் பெரும்பாலும் மோதுவதில்லை. பொலன்னறுவை எள்ளும் கொக்கட்டிச்சோலை எள்ளும் எங்ஙனம் மோதும்!

நாம் காணத்தக்க அண்டத்தின் முழு அகலம் 9,300 கோடி ஒளியாண்டு. அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டாயிருக்க அகலம் எவ்வாறு அதனிலும் பெருகிற்று என்று ஒரு மாணவி கேட்டாள். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளியும் விரிந்துகொண்டிருந்தது என்றோம். 32ஆம் படியில் ஏணி நிற்கிறது. அண்டம் அங்கே முடிகிறது என்று கொள்ள வேண்டாம். அதற்கு அப்பாலிருந்து புறப்பட்ட ஒளி நம்மிடம் வந்து சேர இன்னும் காலம் போதவில்லை, அவ்வளவே.

முதியவர் மெல்ல எழுந்தார். “நம்மட பூமி எத்தனையாம் படியெண்டீங்க?”

“பத்தாம் படி, ஐயா.”

“அப்ப நம்மட வயலும் அதிலதான் கிடக்கு. அங்க நேரத்துக்கு மழை பெஞ்சாக் காணும்” என்று சொல்லிவிட்டு, மாடு அவிழ்த்துக் கட்ட நேரமாயிற்று என்று சென்றார். அவர் சென்ற பின் கூட்டம் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தது.

இனிக் கீழே. நெல்லின் படி முதற் படி. 2ஆம் 3ஆம் படிகளுக்கு இடையில் மயிர் வந்துவிடுகிறது. நோய்க்கிருமிகளுட் பல 4ஆம், 5ஆம் படிகளில் உறைகின்றன. நுணுக்குக்காட்டிகளின் ஆட்சி அது. அணு 9ஆம் படியில். அதற்குக் கீழே மேலே கண்டது போன்றே இன்னொரு வெறுமை. 10, 11, 12, 13 என்று இறங்கினாலும் ஐதரசன் அணுவிற்குள் ஏதும் தட்டுப்படுவதில்லை. 14ஆம் படியையும் தாண்டிய பின்னரே நடுவிலிருக்கும் கரு, அதாவது புரோத்தன், தென்படுகிறது. இதற்கும் எள்ளையே துணைகொண்டோம். மண்முனைப் பாலத்தின் நடுவில் ஓர் எள்ளை வைத்து அதுவே புரோத்தன் என்று கொண்டால், பாலத்தின் இரு முனைகளே அணுவின் எல்லைகள். அணுவின் நிறையில் ஏறத்தாழ முழுவதும் அந்த எள்ளிற்குள். எஞ்சிய வெளி முழுவதும் ஓர் இலத்திரனுக்கு உரியது. அந்த இலத்திரனுக்கோ இதுவரை எவரும் பருமன் காணவில்லை. புரோத்தனுக்குள் உறையும் குவார்க்குகளும் அவ்வாறே. 18ஆம் படியிலும் சிறியவை அவை என்ற அளவிலேயே இன்றைய சோதனைகள் நிற்கின்றன. ஐயப்பன் சந்நிதிக்கு ஏறுவதும் 18 படி. அணுவின் அடிக்கு இறங்குவதும் 18 படி என்று ஒரு மாணவன் முணுமுணுத்தான். இத்தகைய ஒற்றுமைகளைப் பற்றி இப்போதுதானே பேசினோம் என்று அவனை அடக்க வேண்டியதாயிற்று.

சிறியதைக் காணப் பெரியது தேவைப்படுவது இயற்கையின் குறும்பு. ஜெனீவா நகருக்கு அருகே, நிலத்தின் கீழே 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் அமைத்து, அதற்குள் புரோத்தன்களை ஓடவிட்டு மோதச் செய்து, 2012இல் ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டறிந்தனர். நம் வாவியின் நீளத்தில் ஏறத்தாழச் சரிபாதி அச்சுரங்கம். இந்தியாவிலோ வேறு வழி. கோலார் தங்கச் சுரங்கத்தில், தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட அந்த ஆழத்தில், இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே கருவிகளை வைத்தனர். மேலேயுள்ள பாறை மற்றைய கதிர்களையெல்லாம் தடுத்துவிட, பூமியையே ஊடுருவிச் செல்லவல்ல நியூத்திரினோ என்னும் துணிக்கையின் தடம் 1965இல் அங்கே புலப்பட்டது. காற்றுமண்டலத்திற் பிறக்கும் நியூத்திரினோவை உலகில் முதன்முதல் கண்ட இடங்களுள் அது ஒன்று. சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது.

மேலேணி வேறு, கீழேணி வேறு என்று மாணவர் எண்ணிவிடக் கூடாதே என்பதற்காகச் சந்திரசேகரின் கதையைச் சொன்னோம். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல், தமது 19ஆம் வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பல நாட் பயணம். கப்பலிலேயே கணக்கிட்டார். கணக்கு வெண்குறளி எனப்படும் உடுக்களைப் பற்றியது. எரிபொருள் தீர்ந்த உடு தன் நிறையாலேயே சுருங்குகிறது. ஞாயிற்றின் நிறை பூமியின் பருமனுக்குள் அடைபடுகிறது. நம் ஏணியில் 12ஆம் படியிலிருந்து 10ஆம் படிக்கு இறங்கிவிட்டது. அதற்கு மேலும் சுருங்காமல் எது தாங்குகிறது? 18ஆம் படிக்கும் கீழேயுள்ள இலத்திரன்! ஓர் இலத்திரன் இருக்கும் நிலையில் அதே வகையான இன்னோர் இலத்திரன் வந்து இருக்க இயலாது என்பது 1925இல் பவுளி கண்ட விதி. நெருக்க நெருக்க இலத்திரன்கள் எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பே உடுவைத் தாங்குகிறது. ஆனால் இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும்போது தாங்கும் வலு குறையும் என்பதைச் சந்திரசேகர் கணக்கிற் சேர்த்தார். ஞாயிற்றைப் போல 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டால் இலத்திரன்களால் தாங்க இயலாது என்று விடை வந்தது. பின் அந்த உடு என்னாகும்? சுருங்கிக்கொண்டே போகும்.

1935 ஜனவரியில் இலண்டனில் வானியல் சங்கத்தின் முன் இதை அவர் எடுத்துரைத்தார். அக்காலத்து வானியலாருள் முதல்வராய் மதிக்கப்பட்ட எடிங்டன் அதே கூட்டத்தில் எழுந்து, இயற்கை இத்தகைய அபத்தத்துக்கு இடங்கொடாது என்னும் கருத்துப்பட எள்ளி நகையாடினார். சபையும் சிரித்தது. இளைஞரின் கணக்கில் பிழை காட்டினாரல்லர். விடை தமக்கு ஒவ்வவில்லை என்பதே எடிங்டனின் வழக்கு. ஆண்டுகள் சென்றன. தாங்க இயலாத உடுக்கள் உண்மையிலேயே உண்டு என்று கண்டனர். அவற்றுட் சில, ஞாயிற்றினும் மிக்க நிறையை மட்டக்களப்பு நகருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அடங்கக்கூடிய ஓர் உருண்டைக்குள் அடைத்த நியூத்திரன் உடுக்கள். இன்னுஞ் சில, ஒளியையும் வெளியே விடாத கருந்துளைகள். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சந்திரசேகர் தமிழர் என்பதில் எமக்கு மகிழ்ச்சியே. பருத்தித்துறைப் பக்கத்துக் கணிதப் பேராசிரியர் எலியேசர் கேம்பிரிட்ஜிலே டிராக்கின் வழியில் இலத்திரனை ஆராய்ந்தார் என்பதிலும் மகிழ்ச்சியே. ஆனால் 1.4 என்னும் எண் தமிழ் எண் அன்று. நோர்வேக்காரர் ஒருவர் கணித்திருந்தாலும் அது 1.4 ஆகவே இருந்திருக்கும். எடிங்டனுக்கு அன்று இனிக்காத எண் அது. எமது பையனுக்கு எள் இனிக்கவில்லை. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மாணவி ஒருத்தி திருவாசகத்துத் திருவண்டப்பகுதியைப் பற்றிக் கேட்டாள். வீட்டுக்குள் நுழையும் வெயிற்கீற்றில் மிதக்கும் துகள்களுக்கு அண்டங்களையெல்லாம் ஒப்பிட்டார் அல்லவா மாணிக்கவாசகர். அதையும் அளந்து பார்த்துத் தள்ளிவிட வேண்டுமா என்பது அவள் கேள்வி. கேள்வியில் சற்றுக் கோபமும் இருந்தது. தள்ள வேண்டியதில்லை என்றோம். மணிவாசகர் அளவை வாய்பாடு எழுதவில்லை. இறைவனின் பெருமைக்கு முன் அண்டங்கள் எத்துணைச் சிறியன என்று பாடினார். அதற்கு அந்த உவமை போதும். அதனை விஞ்ஞான நூலாக்க முயல்பவரே அதற்குக் குறை செய்பவர்.

பலகையில் எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தோம். கீழே 18, மேலே 32, மொத்தம் 50 படி. நடுப்படி விரல் அன்று. கீழிருந்து 25ஆம் படி, அதாவது விரலுக்கு மேலே 7ஆம் படி. அந்தப் படியில் என்ன எழுதியிருந்தது? நமது வாவி! வகுப்பு முழுவதும் ஆரவாரித்தது. படுவான்கரையும் எழுவான்கரையும் அண்டத்தின் நடுவே! நாமும் சேர்ந்து சிரித்தோம். பின்னர், 18 என்பது கருவிகளின் எல்லை, 32 என்பது ஒளியின் எல்லை. நாளைக்கு ஒரு கருவி இன்னும் இரு படி இறங்கினால் நடுவும் நகர்ந்துவிடும் என்று சொல்லி முடிக்குமுன், பையன் எழுந்தான். “அப்ப இதையும் போட்டியில சொல்லேலாது, என்ன சேர்?” என்றான். இம்முறை அவனே சிரித்தான்.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. பாலம் வரை எம்மோடு வருவதாகச் சொல்லிப் பையனும் தன் வண்டியை எடுத்தான். பாலத்தின் நடுவில் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து தாளைப் பிரித்து, ஓர் எள்ளைக் கைப்பிடிச்சுவரின்மேல் வைத்தான். இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தான். மேலே பால்வீதி வாவிக்குக் குறுக்கே கிடந்தது. பேச்சை எப்படித் தொடங்கப் போகிறாய் என்று கேட்டோம். எட்டு நெல்லை அடுக்கிக் காட்டித் தொடங்குவதாகவும், பிறகு எள்ளை அடுக்கச் சொல்லி நடுவர்களையே மேடைக்கு அழைப்பதாகவும் சொன்னான். பரிசு கிடைக்காது, சிலவேளை ஏச்சுக் கிடைக்கும் என்று எச்சரித்தோம்.

அதற்குள் வாவிக்காற்று எள்ளை அடித்துக்கொண்டு போய்விட்டது.

“கருவைத் துலைச்சுப்போட்டம், சேர்” என்று சொல்லித் தாளிலிருந்து இன்னொன்றை எடுத்தான்.